நாற்பத்தாறு வயதில் ஒரு முழுக்கு

"குளித்தல்" என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நாம் தினந்தோறும் காலையில் செய்கிற காரியம். மற்றொன்று, உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற காரியம். பழைய நாளில் கொற்கைக் கடலிலும், பின்னால் தூத்துக்குடிக் கடலிலும் முத்துக் குளித்தவர்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றிக்கொண்டு கடலின் அடிக்குப் போவார்கள். அடக்கிய மூச்சு ஒரு நிமிஷம் தாங்கும். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். படகில் இருப்பவன் மேலே இழுத்துக்கொள்வான். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வேலையை மனைவியின் சகோதரனிடம்தான் ஒப்புவிப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலியைப் பற்றிய கவலை அவனைவிட வேறு யாருக்கு இருக்கும்? 1961-ஆம் வருஷத்தோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது.

இந்த இரண்டாவது வகைக் குளியலை 46-ஆவது வயதில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னேன். "குளிக்க வேண்டுமானால் குற்றாலம் இருக்கிறதே! அதற்கு ஏன் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டும்?" என்றாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயன். நீச்சல் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சிறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா கிணற்றில் தள்ளிவிட்டபோது கற்றுக்கொண்டதுதான். ஆனால் பாயில் என்பவர் 1662-இல் வெளியிட்ட விதியை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்று மாணவர்களைச் சொல்ல வைத்திருக்கிறேன். அந்த விதி மனுஷனுடைய காதிலும் நெஞ்சிலும் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக இருந்தது.

நான் கற்கப் போன வித்தைக்கு ஸ்கூபா என்று பெயர். சில ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைக் கோத்துச் செய்த பெயர் அது. நீருக்கடியில் சுயமாக மூச்சுவிடும் கருவி என்று அர்த்தம் கொள்ளலாம். "சுயமாக" என்பதுதான் இதில் விசேஷம். முன்னாளில் கடலடியில் நெடுநேரம் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தலையில் செம்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கப்பலிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை நம்பியிருந்தார்கள். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு மேயலாம் என்பது போலத்தான் அவர்களுடைய நடமாட்டம். 1943-இல் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கன்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து இந்தக் கட்டை அவிழ்த்தார்கள். அப்போது யுத்த காலம், பெட்ரோல் அகப்படவில்லை. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் ஒரு வால்வு செய்திருந்தார். எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும், உறிஞ்சுகிற அளவுக்கு மட்டும், அது வாயுவைத் திறந்துவிடும். எஞ்சின் இருந்த இடத்தில் மனுஷனுடைய நுரையீரலை வைத்து யோசித்தார்கள். அவ்வளவுதான், கருவி பிறந்துவிட்டது.

அதே 1943-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்தமானில் போர்ட் பிளேர் நகரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பாடம் கற்கப் போனதும் அந்தமானுக்குத்தான். 1857-ஆம் வருஷத்துப் போராட்டத்தை அடக்கிய ஆங்கிலத் தளபதி ஹாவ்லாக்கின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த தீவுக்கு, 2018-இல் அதே டிசம்பர் 30-ஆம் தேதி ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்துவிட்டது. படகுக்காரர்கள் மட்டும் பழைய பெயர்களை விடுவதாக இல்லை.

கடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்க விரும்புகிறவர்களிடம் முதலில் ஒரு படிவத்தைக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, காதில் சிகிச்சை நடந்ததுண்டா என்றெல்லாம் கேள்விகள். அவற்றின் நடுவே, "உங்களுக்கு 45 வயது கடந்துவிட்டதா?" என்று ஒரு கேள்வி நிற்கிறது. ஆம் என்றால் உட்கேள்விகள் தொடர்கின்றன: புகை பிடிப்பதுண்டா? ரத்த அழுத்தம் உண்டா? ரத்தத்தில் கொழுப்பு அதிகமா? நெருங்கிய உறவினர் யாராவது 50 வயதுக்குள் ஹிருதய நோயால் இறந்ததுண்டா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தாலும், வைத்தியர் பரிசோதித்துக் கையெழுத்திட்டால்தான் கடலில் இறங்கலாம்.

என் தகப்பனார் 48-ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். கடைசிக் கேள்வியைப் படித்ததும் என் மனைவி காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள். அன்று அதைப் பற்றி மேலே பேச்சு எழவில்லை. மறுநாள் காலையில் அவளே அதை எடுத்து வந்து, "முதலில் டாக்டரிடம் போவோம். கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள்.

வைத்தியர் என்னை ஓடும் பட்டையின்மேல் நடக்க விட்டார், ஓட விட்டார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார். ஹிருதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை, ஆனால் ரத்த அழுத்தம் இருக்க வேண்டியதைவிடச் சற்று அதிகம் என்றார். மூன்று மாத காலம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து, ஊறுகாயைக் குறைத்துக்கொண்டு திரும்பி வரச் சொன்னார். அப்படியே செய்தேன், கையெழுத்தும் கிடைத்தது. கடல் ஆசை ஒன்று குறுக்கிட்டிராவிட்டால் நான் அந்த வருஷம் வைத்தியரிடம் போயிருக்கவே மாட்டேன்.

இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுபவை அல்ல. கழுத்தளவு நீரில் நின்றாலே கை கால்களில் இருக்கும் ரத்தத்தில் ஒரு பகுதி நெஞ்சுக்குள் வந்து சேருகிறது. ஹிருதயத்துக்கு வேலை கூடுகிறது. அதோடு குளிர், அலை, கனமான கருவி, கொஞ்சம் பயம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கடலடி விபத்துக்களை ஆராய்ந்தவர்கள், வயதில் மூத்தவர்களின் மரணங்களுக்கு ஹிருதய நோய் ஒரு முக்கிய காரணம் என்று கண்டிருக்கிறார்கள். வயது மட்டும் ஒரு தடையல்ல. கற்றுக்கொள்ளக் குறைந்தபட்சம் 10 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. மேல் வரம்பு கிடையாது. கொரியா தேசத்து ஜேஜு தீவில் பெண்கள் சிலிண்டர் ஏதுமின்றி மூச்சடக்கி மூழ்கிக் கடலுணவு சேகரிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். 2016-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அவர்களுடைய கலையை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அங்கீகரித்தது.

வயதை ஒளிப்பவர்களும் உண்டு. ஹிட்லருக்காகப் பிரசாரப் படங்கள் எடுத்துப் பேர் கெட்ட லெனி ரீஃபென்ஸ்டால் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1902-இல் பிறந்தவர். 70 வயது கடந்த பிறகு, இருபது வயதைக் குறைத்துச் சொல்லி, ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்துக் கடற்கரையில் இந்த வித்தையைக் கற்றுத் தேறினார். பின்னர் கடலடிக் காட்சிகளைப் படமெடுத்துப் புத்தகங்களும் வெளியிட்டு, நூறு வயதுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு அது பலித்தது என்பதற்காக அந்த வழியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி, பாடத்துக்கு வருவோம். எனக்கு வாய்த்த ஆசிரியருக்கு வயது 26. அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். அவர் என்னை "ஸார்" என்றார். நானும் அவரை "ஸார்" என்றேன். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் முழங்காலிட்டு உட்கார வைத்து, கருவியை வாயில் கவ்விக்கொண்டு மூச்சுவிடச் சொன்னார். இது கேட்பதற்குச் சுலபம். ஆனால் தண்ணீருக்குள் தலை போனதும் மூச்சை அடக்கிக்கொள் என்று உடம்பு உத்தரவிடுகிறது. மாமா கிணற்றில் கற்ற பாடமும் அதுதான். அந்தப் பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். கூடக் கற்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள் இரண்டு நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். எனக்கு அரை நாள் பிடித்தது.

அடுத்தபடி, முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டுக்கொண்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். உப்புநீர் கண்ணில் பட்டதும் எழுந்து நின்றுவிடலாம் என்று தோன்றிற்று. ஆசிரியர் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு கரையில் உட்கார்ந்தபோது, "ஸார், அவசரப்படாதீர்கள். இங்கே பரீட்சை முடிந்தது என்று யாரும் மணி அடிக்கப் போவதில்லை" என்றார். இருபது வருஷமாகப் பரீட்சை மணி அடித்தவுடன் விடைத்தாளைப் பிடுங்கி வந்திருக்கும் எனக்கு இது சற்று உறைத்தது. 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. நீந்துவதற்குக் காலக்கெடு கிடையாது.

பாயில் விதி முதலில் காதில் வந்து உட்கார்ந்தது. கடலின் மேல்மட்டத்தில் நம்மேல் ஒரு வாயுமண்டல அழுத்தம் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னும் ஒரு பங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுவதால் மாறுதல் அங்கேதான் அதிகம். இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் காதுச் சவ்வு உள்ளே அழுந்துகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து செல்லும் குழல் வழியாகக் காற்று நடுக்காதுக்குப் போய் இரு பக்கமும் சமமாகிறது. வலி வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஜலதோஷம் இருந்தால் அன்று கடல் கிடையாது. சுக்குக் கஷாயம்தான்.

மேலே வரும்போது இதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வரப் பெருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரலே கிழிந்துபோகலாம். இதற்கு அதிக ஆழம் கூட வேண்டியதில்லை. ஆகையால் எக்காரணத்தைக் கொண்டும் மூச்சை நிறுத்தக் கூடாது என்பதே இந்த வித்தையின் முதல் விதி.

முதுகில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். என் சக உபாத்தியாயர் ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றேதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. தனிப் பிராணவாயு ஆழத்தில் விஷமாகி வலிப்பை உண்டாக்கும். இதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் நமக்கு அந்நியர் அல்லர். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1939-இல் 'தீட்டிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்ட பிறகு, அழுத்த அறைக்குள் தாமே புகுந்து சோதனைகள் செய்தார். அந்த வருஷம் அவருக்கும் வயது 46! அச்சோதனைகளில் வலிப்பு வந்து அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. பின்னர் 1957-இல் அவர் இந்தியாவுக்கு வந்து குடியேறி, இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவருடைய தந்தை ஜே. எஸ். ஹால்டேன், ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக மேலே வந்தால் ஆபத்தில்லை என்று வெள்ளாடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908-இல் அட்டவணை வெளியிட்டவர். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் திடீரென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டி மாதிரி குமிழிட்டுக் கிளம்பும்; மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவிடும். ஆகவே நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல் வந்து, 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று, பிறகுதான் வெளியே தலை நீட்ட வேண்டும். கடைசி முழுக்குக்குப் பின் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம்.

எங்களுடன் 59 வயதுப் பெரியவர் ஒருவர் கற்க வந்திருந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல நீச்சல்காரர். இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விழுங்கினார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் "இல்லை" என்று எழுதியிருந்தாராம். "உண்மையை எழுதினால் விடுவார்களா, ஸார்? முப்பது வருஷம் கோப்புகளுக்கிடையே உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இந்த ஒரு ஆசைதான். இன்னும் எத்தனை நாள் காத்திருப்பேன்?" என்று கேட்டார். நான் என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் அவராகவே போய் எங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. வைத்தியர் கையெழுத்தில்லாமல் இறக்க முடியாது என்று மட்டும் சொன்னார். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கடலே கூடாது என்பதில்லை. அது மருந்தால் அடங்கியிருக்கிறதா, ஹிருதயம் உழைப்பைத் தாங்குமா என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியவர் மற்ற நாட்களெல்லாம் எங்களுடன் படகில் வந்தார். எங்கள் துண்டுகளை நனையாமல் வைத்துக்கொண்டு, நாங்கள் இருக்கும் இடத்தில் குமிழிகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மைத்துனனாக இருந்தாலும் அதைவிடக் கவனமாய்ப் பார்த்திருக்க முடியாது.

முதல் தகுதிச் சீட்டுக்கு நாலு தடவை கடலில் முழுக வேண்டும். 18 மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. மூன்றாவது முழுக்கில்தான் எனக்குச் சுற்றுமுற்றும் பார்க்கும் தைரியம் வந்தது. நிறங்களில் முதலில் சிவப்பு மறைந்துவிடுகிறது. என் கையிலிருந்த சிவப்புக் கயிறு 12 மீட்டரில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பொருள்கள் இருப்பதைவிடப் பெரியவையாகவும் கிட்டத்திலும் தோன்றுகின்றன. படகின் மோட்டார் ஒலி கேட்கிறது, ஆனால் எந்தத் திசை என்று தெரிவதில்லை; நீரில் ஒலி காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் இரண்டு காதுகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் எட்டிவிடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துப் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் அங்கே நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பியபோதுதான் சிரிப்பு வந்தது. வாயில் கருவியுடன் சிரித்தால் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிடும்.

கடல் சாமந்திப் பூவின் கரங்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் குடும்பமாக இருந்தன. அந்தக் குடும்பத்துக்குப் பெரியவள் பெண். அவள் இறந்துவிட்டால் அடுத்த ஆண் மீனே பெண்ணாக மாறிக் குடும்பப் பொறுப்பை ஏற்கிறது! சற்று அப்பால் கிளிமீன்கள் பவழப் பாறையைக் கறக் கறக் என்று கடிக்கும் சத்தம் கேட்டது. தின்ற பாறையை அவை வெண்மணலாக வெளியேற்றுகின்றன. நாம் வியந்து நடக்கும் கடற்கரை மணலில் அவற்றின் கைங்கரியமும் உண்டு. ஆனால் பாறையின் பல இடங்கள் எலும்புக்கூடு போல் வெளுத்தும் பாசி படர்ந்தும் கிடந்தன. 2010-இல் கடல்நீர் சூடேறியபோது அந்தமான் பவழங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. செத்த கிளைகளின்மேல் விரல்நுனி அளவுக்குப் புதுப் பவழம் முளைத்திருந்ததை ஆசிரியர் சுட்டிக் காட்டினார். நாங்கள் அதைத் தொடவில்லை. தொடக் கூடாது என்பதும் பாடத்தில் ஒன்று.

மேலே வந்ததும் காற்று மானியைப் பார்த்தோம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2200 லிட்டர் காற்று இருக்கும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவனுக்கு மேல்மட்டத்தில் 110 நிமிஷம் வரும். 10 மீட்டரில் பாதி, 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் கால்வாசியைக் கைவசம் மிச்சம் வைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கல்லூரி மாணவர்கள் இங்கும் அங்கும் துள்ளி நீந்தியதில் அவர்களுடைய காற்று சீக்கிரம் தீர்ந்துவிட்டது. என்னிடம் அவர்களைவிட அதிகம் மிச்சமிருந்தது. காரணம் சாமர்த்தியமல்ல, வேகமாகப் போக எனக்கு வலுவில்லை! மெல்ல நீந்தி, மெல்ல மூச்சுவிட்டேன். இந்த வித்தையில் அதற்குத்தான் மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

செலவைப் பற்றி நேயர்கள் கேட்பீர்கள். விமானம், படகு, கற்பிக்கும் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு உபாத்தியாயருக்குச் சுலபமான தொகை அல்ல. இரண்டு தீபாவளிகளுக்கு வீட்டில் புதுத்துணியைக் குறைத்துக்கொண்டோம். அந்தமான்தான் வேண்டுமென்பதில்லை. புதுச்சேரியிலும், கன்னட நாட்டில் முருடேசுவரத்துக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவிலும், லட்சத்தீவிலும் கற்றுத்தருகிறார்கள். எங்கே போனாலும் படிவத்தை ஊரிலேயே வாங்கிப் படித்து, வைத்தியரைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. தீவில் போய் இறங்கிய பிறகு உண்மை சொல்வது மிகவும் கஷ்டம். விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணம் நாக்கைக் கட்டிவிடும்.

சென்ற மாதம் அந்தப் பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. வைத்தியர் மருந்தை மாற்றியிருக்கிறாராம். ஓடும் பட்டைமேல் பத்து நிமிஷம் ஓடினாராம். படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டதாக எழுதி, அதன் நகலையும் கூட வைத்திருந்தார். உங்கள் பள்ளியில் இந்த வருஷம் அரையாண்டு விடுமுறை எந்தத் தேதியில் ஆரம்பமாகிறது என்று கேட்டிருக்கிறார்.